ஆட்சிப் பொறுப்பு கைமாறும் அந்த 17 நாள்: அமெரிக்க செனட்டின் நியமன விசாரணைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் புது அதிபர் ஜனவரி 20 அன்று பதவியேற்கிறார். அவருடைய அமைச்சர்களை விசாரிக்க வேண்டிய புது செனட்டோ, அதாவது நாடாளுமன்றத்தின் மேலவையோ, ஜனவரி 3 அன்றே கூடிவிடுகிறது. இடையில் இருக்கும் 17 நாளில் செனட் ஒரு கட்சியின் கையிலும், 20-ஆம் தேதி நண்பகலுக்குப் பிறகு இன்னொரு கட்சியின் கையிலும் இருந்தால் விசாரணையை யார் நடத்துவது, எப்படி நடத்துவது? 2001-இல் இந்தக் கேள்வி நேரடியாக எழுந்தது. 2021-இல் வேறு வடிவத்தில் திரும்ப வந்தது. அதைப் பற்றி வாசகர்கள் கேட்பவற்றுக்கான பதில்கள் இவை.

அதிபர் ஒருவரை அமைச்சர் என்று அறிவித்துவிட்டால் போதாதா? செனட் எதற்கு?

போதாது. அமெரிக்க அரசியல் சாசனத்தின் இரண்டாவது பிரிவு, அமைச்சர்கள், தூதர்கள், நீதிபதிகள் போன்றவர்களை அதிபர் செனட்டின் ஆலோசனையோடும் ஒப்புதலோடும்தான் நியமிக்க முடியும் என்கிறது. அதிபர் பெயரைச் சொல்கிறார், அவ்வளவுதான். எஃப்.பி.ஐ. அவருடைய பின்னணியை விசாரிக்கிறது. அவர் தன் சொத்து, வருமானம், முதலீடு எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும். சம்பந்தப்பட்ட செனட் குழு நீளமான கேள்வித்தாள் ஒன்றை அனுப்புகிறது. அப்புறம் பொது விசாரணை, அதன் பிறகு எழுத்துக் கேள்விகள், குழுவில் வாக்கெடுப்பு, கடைசியாக 100 உறுப்பினர்கள் கொண்ட முழு அவையில் வாக்கெடுப்பு.

அதிபரே இன்னும் பதவியேற்காதபோது அவருடைய ஆட்களை எப்படி விசாரிக்கிறார்கள்?

வழக்கத்தால்தான். ஜனவரி 20 நண்பகலுக்கு முன்னால் வரப்போகும் அதிபரால் செனட்டுக்கு முறைப்படி எந்தப் பெயரையும் அனுப்ப முடியாது. ஆனால் நாட்டுக்குப் பாதுகாப்பு அமைச்சரோ வெளியுறவு அமைச்சரோ இல்லாமல் ஒரு வாரம்கூட ஓடக்கூடாது என்பதால், அறிவிக்கப்பட்ட பெயர்களை வைத்தே குழுக்கள் விசாரணையை முடித்து வைத்துவிடுகின்றன. 20-ஆம் தேதி பதவியேற்ற கையோடு அதிபர் பட்டியலில் கையெழுத்துப் போடுவார், சிலருக்கு அன்று மாலையே ஒப்புதல் கிடைத்துவிடும். 2001-இல் வெளியுறவுக்கு காலின் பவல், பாதுகாப்புக்கு டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட் உள்ளிட்ட 7 பேருக்கு அப்படிக் கிடைத்தது.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. விசாரணையை 20-ஆம் தேதிக்கு முன் நடத்தலாம், வாக்கெடுப்பை நடத்த முடியாது. கேள்வி கேட்கும் உரிமையும் முடிவெடுக்கும் உரிமையும் இரண்டு வெவ்வேறு கைகளில் இருக்கக்கூடும்.

இந்த 17 நாள் இடைவெளி ஏன் வந்தது?

1933-இல் நடைமுறைக்கு வந்த 20-ஆவது திருத்தம்தான் காரணம். அதற்கு முன்பு அதிபரின் பதவிக்காலமும் காங்கிரஸின் (செனட்டும் பிரதிநிதிகள் சபையும் சேர்ந்த நாடாளுமன்றத்தின்) பதவிக்காலமும் மார்ச் 4 அன்று ஒன்றாகத்தான் மாறின. நவம்பரில் தோற்றவர்கள் மார்ச் வரை உட்கார்ந்திருப்பதைக் குறைக்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார்கள். காங்கிரஸுக்கு ஜனவரி 3, அதிபருக்கு ஜனவரி 20 என்று இரண்டு தேதி வைத்தார்கள். புது அவை கூடி, அதிபர் தேர்தலின் வாக்குகளை எண்ணி அறிவிக்க அவகாசம் வேண்டுமல்லவா? அந்த அவகாசம்தான் இந்த 17 நாள்.

சரி, 2001-இல் என்ன விசேஷம்?

2000 நவம்பர் தேர்தலில் செனட் சரிபாதியாகப் பிரிந்தது: ஜனநாயகக் கட்சிக்கு 50, குடியரசுக் கட்சிக்கு 50. அந்தச் சமநிலையே மயிரிழையில் வந்தது. வாஷிங்டன் மாநிலத்தில் மரியா கான்ட்வெல், அப்போதைய குடியரசுக் கட்சி உறுப்பினர் ஸ்லேட் கோர்டனை மறு எண்ணிக்கைக்குப் பிறகு 2,229 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அந்த 2,229 வாக்கு இல்லையென்றால் இந்தக் கதையே இல்லை.

செனட்டில் வாக்கு சமமாக வந்தால் துணை அதிபர் தன் வாக்கைப் போட்டு முடிவு செய்வார். ஜனவரி 20 நண்பகல் வரை துணை அதிபர் அல் கோர், ஜனநாயகக் கட்சிக்காரர். அதற்குப் பிறகு டிக் செனி, குடியரசுக் கட்சிக்காரர். ஆக ஜனவரி 3 முதல் 20 வரை பெரும்பான்மைத் தலைவர் டாம் டாஷல், 20-ஆம் தேதி நண்பகல் முதல் ட்ரென்ட் லாட்.

அந்த நாட்களின் அவை எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். ஜனவரி 6 அன்று அதிபர் தேர்தல் வாக்குகளை எண்ணும் கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் அல் கோர். அதிபர் தேர்தலில் தன்னுடைய தோல்வியைத் தானே அறிவிக்க வேண்டியிருந்தது: குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷுக்கு 271, தனக்கு 266. தன் கட்சியைச் சேர்ந்த பிரதிநிதிகள் சபை உறுப்பினர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து ஆட்சேபம் சொன்னபோது, ஒரு செனட் உறுப்பினரின் கையெழுத்தாவது இல்லாமல் ஏற்க முடியாது என்று விதியைக் காட்டி அவரே நிராகரித்தார். விதியை மதிப்பது என்றால் என்ன என்பதற்கு அந்த ஒரு மதியம் போதும். ஹிலாரி கிளின்டன் அந்த 17 நாளும் செனட் உறுப்பினராகவும் அதிபரின் மனைவியாகவும் ஒரே நேரத்தில் இருந்தார்.

அதிபர் தேர்தலில் தோற்ற கட்சி அந்த நாட்களை எப்படிப் பயன்படுத்தியது?

நேரத்தோடு விசாரணைகளை நடத்தியது. எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். குழுத் தலைமை எல்லாம் ஜனநாயகக் கட்சியிடம் இருந்தது. நீதிக் குழுவுக்குப் பேட்ரிக் லேஹி, ஆயுதப் படைகள் குழுவுக்குக் கார்ல் லெவின், வெளியுறவுக் குழுவுக்கு ஜோ பைடன், கல்விக்கும் தொழிலாளர் நலனுக்குமான குழுவுக்கு எட்வர்ட் கென்னடி. நினைத்திருந்தால் ஒன்றையும் தொடங்காமல் 20-ஆம் தேதிக்குத் தள்ளியிருக்கலாம். ரம்ஸ்ஃபெல்டின் விசாரணையை 11-ஆம் தேதியும் பவலின் விசாரணையை 17-ஆம் தேதியும் நடத்தி முடித்தார்கள். அதனால்தான் 20-ஆம் தேதி மாலையே 7 பேருக்கு ஒப்புதல் தர முடிந்தது.

ஜனவரி 5 அன்று டாஷலும் லாட்டும் சேர்ந்து ஓர் அதிகாரப் பகிர்வு ஒப்பந்தத்தையும் நிறைவேற்றினார்கள். எல்லாக் குழுக்களிலும் இரண்டு கட்சிக்கும் சம எண்ணிக்கை. 20-ஆம் தேதிக்குப் பிறகு தலைமை குடியரசுக் கட்சிக்கு. குழுவில் வாக்கு சமமாக வந்து ஒரு நியமனம் சிக்கிக்கொண்டால் அதை முழு அவைக்குக் கொண்டுவர வழி. இந்தக் கடைசி விதியை மனதில் வையுங்கள், சில மாதங்களில் அது வேலைக்கு வந்தது.

லிண்டா சாவேஸை செனட் நிராகரித்ததா?

இல்லை. விசாரணைக்கே அவர் வரவில்லை. தொழிலாளர் துறைக்கு புஷ் அவரை ஜனவரி 2 அன்று அறிவித்தார். உரிய ஆவணங்கள் இல்லாத குவாட்டமாலா நாட்டுப் பெண் ஒருவர் முன்பு அவர் வீட்டில் தங்கியிருந்து சில வேலைகளும் செய்தார் என்ற செய்தி வெளியானது. 9-ஆம் தேதி அவரே விலகிக்கொண்டார். அவர் இடத்துக்கு எலேன் சாவ் வந்து அந்த மாதமே ஒப்புதலும் பெற்றார். விசாரணை வரப்போகிறது என்பதே ஒரு சோதனை. வாக்கெடுப்பில் தோற்பவர்களைவிட, அந்த மேசைக்கு முன்னால் உட்கார முடியாது என்று தெரிந்து விலகுபவர்கள் எப்போதும் அதிகம்.

ஆஷ்கிராஃப்ட் விசாரணை ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

அட்டர்னி ஜெனரல், அதாவது நீதித்துறையின் தலைவர், பதவிக்கு புஷ் பரிந்துரைத்தவர் ஜான் ஆஷ்கிராஃப்ட். மிசூரி மாநிலத்தின் முன்னாள் ஆளுநர். ஜனவரி 3 வரை செனட் உறுப்பினர், அதுவும் இதே நீதிக் குழுவின் உறுப்பினர். நேற்று வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் இன்று எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டார்கள். 2000 தேர்தலில் அவர் தோற்ற விதமும் துயரமானது. எதிர்த்துப் போட்டியிட்ட மெல் கார்னஹன் தேர்தலுக்கு மூன்று வாரம் முன்பு விமான விபத்தில் இறந்துபோனார், பெயர் வாக்குச்சீட்டில் அப்படியே இருந்தது, மக்கள் அவருக்கே வாக்களித்தார்கள். அவருடைய மனைவி ஜீன் கார்னஹன் அந்த இடத்துக்கு நியமிக்கப்பட்டார். ஆஷ்கிராஃப்ட் முடிவை எதிர்த்து வழக்குப் போடாமல் ஏற்றுக்கொண்டார். அதை இரண்டு கட்சியினரும் மதித்தார்கள்.

விசாரணை 16-ஆம் தேதி தொடங்கி அந்த வாரம் முழுக்க நடந்தது. கருக்கலைப்பு உரிமையைத் தீவிரமாக எதிர்த்தவர் அந்த உரிமையைக் காக்கும் சட்டங்களை எப்படி அமல்படுத்துவார்? ஆளுநராக இருந்தபோது செயின்ட் லூயிஸ் நகரத்தின் வாக்காளர் பதிவு மசோதாவை ஏன் தடுத்தார்? ஓரினச் சேர்க்கையாளரான ஜேம்ஸ் ஹார்மெலைத் தூதராக்க ஏன் எதிர்த்தார்? கென்னடியின் கேள்விகள் கடுமையாக இருந்தன. ஆஷ்கிராஃப்ட், சட்டத்தை இயற்றும் வேலை வேறு, அமல்படுத்தும் வேலை வேறு, கருக்கலைப்பு தொடர்பான தீர்ப்பை நிலைபெற்ற சட்டமாக ஏற்கிறேன் என்று சத்தியப் பிரமாணத்தின் கீழ் பதிலளித்தார்.

ஆனால் அந்த வாரத்தின் கனமான நேரம் 18-ஆம் தேதி வந்தது. ரானி ஒயிட் சாட்சி சொல்ல வந்தார். மிசூரி உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி அவர். அவரைக் கூட்டாட்சி மாவட்ட நீதிபதியாக்க அன்றைய அதிபர் கிளின்டன் பரிந்துரைத்தபோது, 1999 அக்டோபரில் செனட் 54-45 என்ற கணக்கில் நிராகரித்தது. முன்னின்று எதிர்த்தவர் ஆஷ்கிராஃப்ட், குற்றவாளிகளின் பக்கம் சாய்பவர் என்று அவையில் குற்றம் சாட்டினார். அதற்கு முக்கிய ஆதாரமாகக் காட்டியது ஒரு கொலை வழக்கு: மூன்று காவல் அதிகாரிகளையும் ஒரு ஷெரீஃபின் மனைவியையும் கொன்றவனின் மரண தண்டனை மேல்முறையீட்டில், வழக்கறிஞர் சரியாக வாதாடவில்லை, மறுவிசாரணை வேண்டும் என்று ஒயிட் தனித்து மாற்றுத் தீர்ப்பு எழுதியிருந்தார். அதே ஒயிட், தன் முன் வந்த 59 மரண தண்டனை வழக்குகளில் 41-இல் தண்டனையை உறுதி செய்தவர். 1999-இல் அவையில் அவரைப் பற்றிப் பேசினார்கள், அவருக்குப் பதில் சொல்ல இடம் இல்லை. 2001 ஜனவரியில் அந்தக் குழு அறையில்தான் தன் தீர்ப்புகள் திரிக்கப்பட்டன என்று அவரால் நேருக்கு நேராக, பதிவாகும்படி சொல்ல முடிந்தது.

தலைமை மாறியிருந்தாலும் ஒயிட் வந்திருக்கலாமே?

வந்திருக்கலாம். சிறுபான்மைக் கட்சியும் சாட்சிகளை அழைக்க முடியும். ஆனால் எத்தனை சாட்சி, எந்த நாள், எவ்வளவு நேரம், விசாரணை ஒரு நாளா ஒரு வாரமா என்பதெல்லாம் தலைவர் கையில். லேஹியின் கையில் தலைவரின் சுத்தியல் இருந்ததால்தான் விசாரணைக்கு ஒரு முழு வாரம் கிடைத்தது.

கடைசியில் என்ன ஆனது?

தலைமை மாறிய பிறகும், எழுத்துக் கேள்விகளுக்குப் பதில் வேண்டும் என்று ஜனநாயகக் கட்சியினர் வாக்கெடுப்பை ஒரு வாரம் தள்ளினார்கள். குழுவின் விதி அதற்கு இடம் தருகிறது. ஜனவரி 30 அன்று குழுவில் 10-8. சம எண்ணிக்கைக் குழுவில் 9-9 என்று நின்றிருக்க வேண்டியது, ஜனநாயகக் கட்சியின் ரஸ் ஃபைன்கோல்ட் ஆதரித்ததால் கடந்தது. அதிபர் தன் அமைச்சர்களைத் தேர்ந்தெடுக்க உரிமை உள்ளவர் என்பது அவருடைய வாதம். பிப்ரவரி 1 அன்று முழு அவையில் 58-42. ஜீன் கார்னஹன் எதிர்த்து வாக்களித்தார்.

அந்த 42-ஐக் கொஞ்சம் கவனியுங்கள். அன்றைய விதிப்படி விவாதத்தை முடிக்க 60 வாக்கு வேண்டும். எதிர்ப்பவர்கள் 41 பேர் இருந்தால் வாக்கெடுப்பே நடக்காமல் முடக்கலாம். 42 பேர் எதிர்த்தார்கள், ஆனாலும் முடக்கவில்லை.

தடுக்க முடியாது என்று முதலிலேயே தெரிந்தால் விசாரணை எதற்கு?

அடிக்கடி வரும் கேள்வி இது. என் பதில் நேரானது: தடுப்பது மட்டுமே விசாரணையின் நோக்கம் அல்ல. சத்தியப் பிரமாணத்தின் கீழ் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அச்சில் ஏறுகிறது. நான்கு வருஷம் அந்த அமைச்சர் குழு முன் வரும்போதெல்லாம் அது மேசையில் இருக்கும். இந்தச் சட்டத்தை அமல்படுத்துவீர்களா, இந்த வழக்கிலிருந்து ஒதுங்கியிருப்பீர்களா, இந்த நிறுவனத்தின் பங்கை விற்பீர்களா என்று கேட்டு வாங்கிய வாக்குறுதிகள் பதவிக்கு வந்த பிறகு கேட்டால் கிடைக்காது. ஒப்புதலுக்காகக் காத்திருப்பவரிடம்தான் கிடைக்கும்.

கட்சி மாறும் இடைவெளியில் இதற்கு மதிப்பு இன்னும் கூடுகிறது. அதிபரின் சொந்தக் கட்சி தலைமையில் இருந்தால் தன் ஆளுக்குச் சங்கடமான கேள்வியை நீட்டிக்க அதற்கு ஆர்வம் இருக்காது. எதிர்க்கட்சி தலைமையில் இருந்து, அதே நேரம் பெயரை வீழ்த்தும் வாக்கும் கையில் இல்லை என்றால், அது செய்யக்கூடியது ஒன்றுதான், நன்றாகக் கேட்பது. 2001-இல் அதைச் செய்தார்கள். அரசு நிலங்களையும் இயற்கை வளங்களையும் கவனிக்கும் உள்துறைக்கு வந்த கேல் நார்டனையும் 18, 19 தேதிகளில் நிலம், எண்ணெய், சுற்றுச்சூழல் எல்லாம் கேட்டுத் துளைத்தார்கள். ஜனவரி 30 அன்று 75-24 என்று ஒப்புதலும் கொடுத்தார்கள். இரண்டையும் ஒரே அவை செய்ய முடிந்தது.

அப்படியானால் அந்த விசாரணைகளில் குறையே இல்லையா?

உண்டு. ரம்ஸ்ஃபெல்டின் விசாரணையில், இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் கவலை எது என்று கேட்டபோது, உளவுத் தகவல், எதிர்பாராத தாக்குதல் என்ற ரீதியில் பதில் சொன்னார். ஆனால் ஆப்கானிஸ்தான் என்ற பெயரை அன்று யாருமே உச்சரிக்கவில்லை என்று பின்னாளில் அவரே பல முறை சொன்னார். ஒன்பது மாதத்தில் அமெரிக்கா அங்கே போரில் இருந்தது. ஒருவருடைய கடந்த காலத்தைத் துருவுவதில் செனட்டர்கள் கெட்டிக்காரர்கள், வரப்போவதைக் கேட்பதில் அவ்வளவு இல்லை.

2021-இல் நடந்தது இதே மாதிரிதானா?

சூழ்நிலை கிட்டத்தட்ட அதே, நடந்துகொண்ட விதம் வேறு. இந்த முறை வரப்போகும் அதிபர் ஜனநாயகக் கட்சியின் ஜோ பைடன். ஜனவரி 5 அன்று ஜார்ஜியாவின் இரண்டு மறுதேர்தலிலும் ஜனநாயகக் கட்சி வென்றது. மறுபடியும் 50-50. ஆனால் வென்ற ஜான் ஆஸாஃபும் ரஃபேல் வார்னாக்கும் 20-ஆம் தேதி மதியம்தான் பதவியேற்றார்கள். அவர்களுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தவர் அன்று காலைதான் துணை அதிபரான கமலா ஹாரிஸ். திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர்களின் பேத்தி. அங்கே ஊர்க்காரர்கள் வெடி வெடித்துக் கொண்டாடிய அந்த நாளில், செனட்டில் யார் பெரும்பான்மை என்பதை அவருடைய ஒற்றை வாக்குதான் தீர்மானித்தது.

அதுவரை தலைமை மிட்ச் மெக்கானலின் குடியரசுக் கட்சியிடம். பெரும்பாலான விசாரணைகள் நடக்கவே இல்லை. பதவியேற்புக்கு முந்தின நாளான 19-ஆம் தேதி ஒரே நாளில் ஐந்து பேரை விசாரித்தார்கள்: ஜேனட் யெல்லன், ஆன்டனி பிளிங்கன், லாயிட் ஆஸ்டின், அலெஹாண்ட்ரோ மயோர்காஸ், அவ்ரில் ஹெய்ன்ஸ். 20-ஆம் தேதி ஒப்புதல் கிடைத்தது ஹெய்ன்ஸ் ஒருவருக்கு மட்டும். 2001-இல் 7, 2021-இல் 1. தேர்தல் முடிவை எதிர்த்த வழக்குகள், ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்டது, கொரோனா என்று காரணங்கள் இருந்தன. ஆனாலும், இரண்டு வாரம் முன்புதான் கட்டடமே தாக்கப்பட்ட நாட்டில் உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சராக வரவிருந்த மயோர்காஸை விசாரிக்க 19-ஆம் தேதி வரை காத்திருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

20-ஆம் தேதியோடு தலைமை மாறிவிட்டதல்லவா?

பெயருக்கு மாறியது, குழுக்களில் மாறவில்லை. குழுக்களைப் புதிதாக அமைக்கும் தீர்மானம் நிறைவேறும் வரை பழைய தலைவர்களே தொடர்வார்கள். ஃபிலிபஸ்டர் எனப்படும் முடக்கும் உரிமையை ஒழிக்க மாட்டோம் என்று எழுதித் தர வேண்டும் என்று மெக்கானல் கேட்டார். செனட்டில் ஜனநாயகக் கட்சியின் தலைவர் சக் ஷூமர் மறுத்தார். அவர் கட்சியின் ஜோ மான்சின், கிர்ஸ்டன் சினமா இருவரும் ஒழிக்க வாக்களிக்க மாட்டோம் என்று சொன்ன பிறகுதான் மெக்கானல் இறங்கினார். தீர்மானம் நிறைவேறியது பிப்ரவரி 3. அதுவரை சிறுபான்மையாகிவிட்ட கட்சியின் ஆட்களே குழுத் தலைவர்கள்.

இதில் அதிகம் காத்திருந்தவர் மெரிக் கார்லண்ட். அட்டர்னி ஜெனரல் பதவிக்கு அவருடைய விசாரணையை பிப்ரவரி 8 அன்று நடத்தும்படி, நீதிக் குழுவின் தலைமைக்கு வரவிருந்த டிக் டர்பின் கேட்டார். அப்போதும் தலைமையில் இருந்த லிண்ட்ஸி கிரஹாம் மறுத்தார். டிரம்ப் மீதான பதவிநீக்க விசாரணைக்கு முந்தின நாளில் ஒரே நாள் விசாரணை போதாது என்பது அவர் சொன்ன காரணம். விசாரணை பிப்ரவரி 22, 23 தேதிகளில் நடந்தது, மார்ச் 10 அன்று 70-30 என்று ஒப்புதல். கிரஹாமும் மெக்கானலும் ஆதரித்தே வாக்களித்தார்கள். ஆதரிக்கப் போகிறவரை எதற்கு இவ்வளவு நாள் காக்கவைக்க வேண்டும்? இதே கார்லண்டை 2016-இல் ஒபாமா உச்ச நீதிமன்றத்துக்குப் பரிந்துரைத்தபோது 293 நாள் விசாரணையே இல்லாமல் கிடப்பில் போட்டதும் மெக்கானலின் செனட்தான்.

தலைமை போவதற்கு முன் அவசரமாக ஒப்புதல் கொடுத்துவிடுவதும் நடக்கிறதே?

இது பழைய பழக்கம். 1801-இல் தோற்றுப்போன ஜான் ஆடம்ஸ், தன் கட்சியின் செனட் இருக்கும்போதே ஜான் மார்ஷலைத் தலைமை நீதிபதியாக்கினார். பிப்ரவரி 13 அன்று புதுச் சட்டம் கொண்டுவந்து 16 கூட்டாட்சி நீதிபதிப் பதவிகளை உண்டாக்கி நிரப்பினார். அடுத்த வருஷமே, அவரை வென்று அதிபரான ஜெஃபர்சனின் கட்சி அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. மார்ஷல் மட்டும் 34 வருஷம் இருந்தார்.

2001-லும் ஒன்று உண்டு. மே 24 அன்று வெர்மான்ட்டின் ஜிம் ஜெஃபோர்ட்ஸ் குடியரசுக் கட்சியை விட்டு விலகுவதாக அறிவித்தார். ஜூன் 6 முதல் தலைமை மறுபடியும் டாஷலுக்கு. அறிவிப்பு வந்த அதே நாளில் டெட் ஓல்சன் சொலிசிட்டர் ஜெனரலாக (உச்ச நீதிமன்றத்தில் அரசுக்காக வாதாடுபவராக) 51-47 என்று ஒப்புதல் பெற்றார். புஷ்ஷின் தேர்தல் வழக்கை உச்ச நீதிமன்றத்தில் வாதாடியவர் அவர். குழுவில் 9-9 என்று நின்றிருந்தது. முன்பு சொன்ன அதிகாரப் பகிர்வு ஒப்பந்தத்தின் வழியாகத்தான் அவையின் முன் வந்தது. இன்னும் விசாரிக்க வேண்டும் என்று லேஹி சொல்லிக்கொண்டிருந்தார். ஆனாலும் ஜூன் 6 வரை இழுத்து வைக்க டாஷல் முயலவில்லை.

2014-இல் நடந்தது வேறு விதம். நவம்பர் தேர்தலில் செனட்டை இழந்த ஜனநாயகக் கட்சி, டிசம்பரில் மீதி இருந்த நாட்களில் நியமனங்களை முடிக்கப் பார்த்தது. நிதி மசோதா ஒன்றை எதிர்த்து குடியரசுக் கட்சியின் டெட் கிரூஸும் மைக் லீயும் அவையை ஒரு சனிக்கிழமை கூட வைத்தார்கள். அந்தக் கூடுதல் நாளைப் பெரும்பான்மைத் தலைவர் ஹாரி ரீட் நியமனங்களுக்குப் பயன்படுத்திக்கொண்டார். துப்பாக்கி வன்முறை பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்று சொன்னதற்காக ஒரு வருஷமாகச் சிக்கியிருந்த டாக்டர் விவேக் மூர்த்தி, டிசம்பர் 15 அன்று 51-43 என்று, அரசின் பொதுச் சுகாதாரத் தலைமை மருத்துவரான சர்ஜன் ஜெனரல் ஆனார். ஆனால் அட்டர்னி ஜெனரலாகப் பரிந்துரைக்கப்பட்ட லொரெட்டா லின்ச்சின் விசாரணையை அதே கட்சி புது செனட்டுக்கே விட்டுவிட்டது. அவர் ஏப்ரல் 23 வரை காத்திருக்க நேர்ந்தது, வாக்கு 56-43. அவ்வளவு பெரிய பதவிக்குப் புது அவையின் விசாரணை வேண்டும் என்று விட்டுக்கொடுத்தவர்களுக்குக் கிடைத்த பதில் அது.

இரண்டு கட்சியும் ஒத்துப்போன உதாரணம் ஏதாவது?

1980. ஜனநாயகக் கட்சி அதிபர் கார்ட்டர் தோற்றார், செனட்டும் குடியரசுக் கட்சிக்குப் போனது. தோல்விக்குப் பிறகு, நவம்பர் 13 அன்று, கார்ட்டர் ஸ்டீபன் பிரையரை மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் பரிந்துரைத்தார். கென்னடியின் நீதிக் குழுவில் தலைமை ஆலோசகர் அவர். அடுத்த தலைவராகப் போகிற ஸ்ட்ராம் தர்மண்ட் நினைத்திருந்தால் தடுத்திருக்கலாம். ஆனால் குழுவில் எதிர்க்கட்சியினரையும் நேர்மையாக நடத்தியவர் என்று பிரையர் பெயர் எடுத்திருந்தார். டிசம்பர் 9 அன்று 80-10 என்று ஒப்புதல் கிடைத்தது. 1994-இல் அவர் உச்ச நீதிமன்றத்துக்கும் போனார்.

இப்போது விதிகள் எப்படி?

2013 நவம்பரிலிருந்து அமைச்சர்களுக்கும் கீழ் நீதிமன்ற நீதிபதிகளுக்கும் விவாதத்தை முடிக்க 60 வாக்கு வேண்டாம், சாதாரணப் பெரும்பான்மை போதும். 2017-இல் உச்ச நீதிமன்றத்துக்கும் அப்படியே ஆனது. 2025 ஜனவரி 24 அன்று பீட் ஹெக்செத் 50-50 என்று நின்று, துணை அதிபர் ஜே.டி. வான்ஸின் வாக்கால் பாதுகாப்பு அமைச்சர் ஆனார். ஒரு வாக்கு வித்தியாசத்தில் எல்லாம் முடிந்துவிடலாம் என்ற நிலையில், வாக்குக்கு முன்னால் நடக்கும் விசாரணையை யார் தலைமையில், எத்தனை நாள் நடத்துகிறார்கள் என்பது முன்பைவிட முக்கியமாகிறது.

ரானி ஒயிட் என்ன ஆனார்?

மிசூரி உச்ச நீதிமன்றத்தில் தொடர்ந்தார், பிறகு தலைமை நீதிபதியும் ஆனார். 1999-இல் மறுக்கப்பட்ட அதே மாவட்ட நீதிமன்றத்துக்கு ஒபாமா அவரை மறுபடி பரிந்துரைத்தார். 2014 ஜூலை 16 அன்று செனட் 53-44 என்று ஒப்புதல் கொடுத்தது.